ஞாயிற்றுக்கிழமை வீடு, திங்கட்கிழமை பாரவண்டி!

ஒரே வண்டி. ஞாயிற்றுக்கிழமை அது வீடாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் அதே வண்டி வைக்கோல் கட்டுகளைச் சுமக்க வேண்டும். இது நடக்கக் கூடிய காரியமா?

நடக்கும் என்கிறார்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள்.

சிறிய லாரி ஒன்றின் முதுகில் ஒரு சின்னஞ்சிறு வீட்டைத் தூக்கி வைக்கிறார்கள். அதற்குள் படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. குளிர்பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. புருஷனும் மனைவியும் ஏறிக் கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டு விடுகிறார்கள். திரும்பி வந்ததும் வீட்டின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கால்களை இறக்குகிறார்கள். வீடு கால்களில் நிற்கிறது. அடியிலிருந்து லாரியை மட்டும் ஓட்டிக் கொண்டு போய் விடுகிறார்கள். வீடு கொல்லையில், வண்டி வேலையில்!

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த வீட்டுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் தளம். லாரியின் பின்பக்கத்தில், பக்கச் சுவர் இல்லாமல், மேடை மாதிரித் தட்டையாகப் போடுகிற தளம். வீட்டை வாங்குகிறவர்கள் திரைச்சீலை என்ன நிறம் என்று பார்க்கிறார்கள். அடுப்பு எத்தனை முகம் என்று பார்க்கிறார்கள். தளத்தைப் பற்றிக் கேட்டால், "அதைப் பட்டறைக்காரர் பார்த்துக் கொள்வார்" என்கிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரு குடியானவர் மனைவியின் கடிதம்

ஒரே வண்டிக்கு இரண்டு வேலை என்ற ஆசை அந்த நாட்டில் புதிதல்ல. 1932-ம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்துக் குடியானவர் ஒருவரின் மனைவி, போர்டு மோட்டார் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் மாதா கோவிலுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளை ஏற்றிச் சந்தைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு வண்டி செய்து தரக் கூடாதா என்று கேட்டாராம். கார் ஒன்று, லாரி ஒன்று என்று இரண்டு வாங்க அந்தக் குடும்பத்துக்கு வசதி இல்லை.

ஜீலாங் நகரில் இருந்த போர்டு தொழிற்சாலையில் லூ பாண்ட் என்ற வாலிபர் வேலை பார்த்து வந்தார். வரைபடம் போடுவது அவர் தொழில். முன்பக்கம் கார், பின்பக்கம் பாரம் ஏற்றும் தொட்டி என்று இரண்டையும் ஒரே உடலாக இணைத்து அவர் வரைந்து கொடுத்தார். 1934-ல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. அதற்கு ஆஸ்திரேலியர் வைத்த செல்லப் பெயர் "யூட்".

போர்டு கம்பெனி ஆஸ்திரேலியாவில் வண்டி உற்பத்தி செய்வதை 2016-ல் நிறுத்தி விட்டது. இப்போது அங்கே ஓடுகிற யூட்டுகளில் பெரும்பாலானவை தாய்லாந்தில் தயாராகி வருகின்றன. ஆனால் பழைய பழக்கம் போகவில்லை. பின்பக்கத் தொட்டியே இல்லாமல், வெறும் சேஸிஸாகவும் வண்டியை வாங்கலாம். அதன்மேல் அவரவர் தொழிலுக்கு ஏற்றபடி உள்ளூர்ப் பட்டறையில் தளம் கட்டிக் கொள்கிறார்கள். தச்சருக்கு ஒரு மாதிரி. ஆட்டுப் பண்ணைக்காரருக்கு ஒரு மாதிரி. வீடு சுமப்பவருக்கு ஒரு மாதிரி.

வீடு சுமக்கத் தட்டையான தளம்தான் நல்லது. தொட்டி வைத்த வண்டியில் சக்கரத்தின் மேல்வளைவு இரண்டு பக்கமும் உள்ளே துருத்திக் கொண்டு நிற்கும். நடுவே மிஞ்சுவது சுமார் 1.1 மீட்டர், போனால் 1.2 மீட்டர் அகலம். அதற்குள் வீட்டைத் திணிக்க வேண்டும். தட்டைத் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை. சுமார் 1.8 மீட்டர் அகலம் முழுவதும் கிடைக்கும். வீட்டின் அடி நேராக உட்காரும். இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே தளம் அமைவதால் வீடு ஒரு படி உயரமாக நிற்கும். உயரம் கூடினால் திருப்பத்தில் சாய்வும் கூடும்.

கணக்கைப் பாருங்கள்

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் எடை. ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. வண்டி, தளம், வீடு, ஆட்கள், சாமான்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

உதாரணமாக ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். அதன் மொத்த வரம்பு 3,200 கிலோ. எண்ணெய் நிரப்பிய வெறும் சேஸிஸ் வண்டி 1,950 கிலோ. மீதி 1,250 கிலோ. ஆகா, ஒன்றேகால் டன்! ஒரு வீடு என்ன, ஒன்றரை வீடே ஏற்றலாம் என்று தோன்றும்.

இரும்புத் தளம் 250 கிலோ. மீதி ஆயிரம். காலி வீடு 600 கிலோ. மீதி 400. தண்ணீர் 80 லிட்டர் என்றால் அது 80 கிலோ. மீதி 320. புருஷன், மனைவி இருவரும் சேர்ந்து 150 கிலோ. மீதி 170. கங்காரு குறுக்கே பாய்ந்தால் தாங்குவதற்கு முன்பக்கம் இரும்புச் சட்டம். சேற்றில் மாட்டினால் இழுப்பதற்கு ஒரு சுருள் கம்பி இயந்திரம். இரண்டும் 90 கிலோ. மீதி 80. இன்னொரு உபரி டயர் 30 கிலோ. மீதி வெறும் 50 கிலோ!

அரிசி, மாவு, இறைச்சி ஏறவில்லை. காஸ் சிலிண்டர் ஏறவில்லை. மெத்தை, போர்வை, துணிமணி, நாற்காலி, ஸ்பானர் பெட்டி ஒன்றும் ஏறவில்லை. நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வருமா? அதுவும் ஏறவில்லை.

ஒன்றேகால் டன் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. கடையில் சொன்னது காலி வீட்டின் எடை. காலி வீட்டை ஏற்றிக் கொண்டு யாராவது ஊர் சுற்றப் போவார்களா?

இந்த இடத்தில் அமெரிக்காக்காரர்களைப் பாராட்ட வேண்டும். அங்கே லாரி முதுகில் ஏற்றும் வீட்டுக்கு ஒரு சட்ட விதி இருக்கிறது. இத்தனை காலன் தண்ணீர், இத்தனை பவுண்டு காஸ், இவ்வளவு பெரிய குளிர்பெட்டி, இவற்றோடு சேர்ந்து இந்த வீட்டின் எடை இவ்வளவு என்று வீட்டின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். லாரி செய்கிறவரும் சும்மா இருக்க முடியாது. வீட்டின் எடை மையம் லாரியில் எந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் வீடு வாங்குகிறவர்களும் இந்த இரண்டையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். எழுதித் தர மறுக்கிற கடையில் வீடு வாங்கவே கூடாது.

பின்பாரம்

மொத்த எடை வரம்புக்குள் இருந்துவிட்டால் போதுமா? போதாது. எடை எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கினால் என்ன ஆகும்? பின்பாரம் ஆகிவிடும். நுகத்தடி மேலே கிளம்பும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். லாரியிலும் அதே கதைதான். இங்கே மாட்டுக்குப் பதில் முன்சக்கரம்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.2 மீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்வோம். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ பொருளை வைத்தால், பின் அச்சின்மேல் 100 கிலோ மட்டும் ஏறாது. 131 கிலோ ஏறும்! அந்த உபரி 31 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திலிருந்து வந்தது. முன்சக்கரம் அந்த அளவுக்கு லேசாகிவிடும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்புக் குறையும். பிரேக்கும் முன்போல் பிடிக்காது.

நான்கு கதவு வண்டிகளில்தான் இந்தத் தொந்தரவு அதிகம். பின் இருக்கைக்கு இடம் கொடுத்ததால் தளம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தளத்தின் பெரும் பகுதி பின் அச்சைத் தாண்டி வெளியே நிற்கிறது. அங்கே வீட்டை ஏற்றி, வீட்டின் பின்கதவில் உபரி டயரையும் மாட்டி, போதாக்குறைக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியையும் இழுத்துக் கொண்டு போகிறவர்கள் உண்டு. சேஸிஸ் என்ன செய்யும், பாவம்! ஆட்கள் உட்காரும் அறைக்குப் பின்னால் முதுகு வளைந்து, நடு இடுப்பு ஒடிந்த மாதிரி நின்ற வண்டிகளின் படங்களை ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் பார்க்கலாம்.

பிள்ளைகள் இல்லாத இருவர் மட்டும் பயணம் போவதானால், இரண்டு கதவு வண்டிதான் சரியானது. நீளமான தளம் கிடைக்கும். வீட்டை முன்னுக்குத் தள்ளி வைக்கலாம். "பின் இருக்கை இருந்தால் சாமான் போட்டுக் கொள்ளலாமே" என்பவர்கள், அந்தச் சாமானைத் தளத்தின் அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால், பக்கத்துக்கு ஒரு பெட்டியாகத் தொங்கவிட்டால் போயிற்று. தண்ணீர்த் தொட்டிக்கும் அதுவே நல்ல இடம். தாழ்வாகவும் இருக்கும், பின் அச்சுக்கு முன்னாலும் இருக்கும்.

ஸ்பிரிங் தாழ்ந்து போகிறதே என்று சிலர் சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையே காற்றுப் பையைச் செருகுகிறார்கள். வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் எடை ஒரு கிலோவும் குறையவில்லையே! முன்பு ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனைகளில் பகிர்ந்து விழுந்த பாரம், இப்போது நடுவில் ஒரே புள்ளியில் குத்துகிறது. காய்ச்சல்காரருக்குப் பவுடர் பூசிய கதை இது.

தளம் எப்படி இருக்க வேண்டும்?

சேஸிஸ் என்பது இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். மேடு பள்ளத்தில் அது சற்று முறுக்கிக் கொடுக்கும். முறுக்கிக் கொடுப்பது குற்றமல்ல. அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் அசையாத பெரிய இரும்புப் பலகையை நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டினால் என்ன ஆகும்? சேஸிஸ் முறுக்கும், தளம் முறுக்காது. இரண்டில் ஒன்று விரிசல் விட்டே தீரும்.

நல்ல பட்டறைக்காரர் சேஸிஸ் சட்டத்தின் மேலேயே, அதே நீளத்துக்கு, இரண்டு ஓட்டுச் சட்டங்களைப் படுக்க வைப்பார். பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் நீளம் முழுவதும் பரவும். கம்பெனி விட்டிருக்கும் துளைகளில் மட்டுமே போல்ட் போடுவார். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போட மாட்டார். அதில் வெல்டிங்கும் வைக்க மாட்டார். பெரிய லாரிகளில் ஒரு படி மேலே போய், தளத்தை மூன்றே இடத்தில் தாங்கவிடுகிறார்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது அல்லவா? அதே தந்திரம்தான்.

இரும்பா, அலுமினியமா என்பது இன்னொரு சண்டை. அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வளையாமல் நிற்கும் குணமும் அதே மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே தடிமன் கூட்ட வேண்டியிருக்கும். கடைசியில், இரும்புத் தளம் 250 கிலோ என்றால் அலுமினியத் தளத்தில் 100 கிலோ மிச்சம் பிடிப்பதே பெரிய காரியம். அலுமினியத்தில் விரிசல் விட்டால் எல்லோராலும் வெல்டிங் செய்ய முடியாது. இரும்பு என்றால் வழியிலுள்ள எந்தப் பண்ணையிலும் ஒட்ட வைத்து விடுவார்கள். இருந்தாலும், நூறு கிலோ என்பது நூறு லிட்டர் தண்ணீர். மேலே சொன்ன கணக்கில் மிஞ்சியது ஐம்பது கிலோதான் என்பதை நினைத்தால், வீடு சுமக்கிற தளத்துக்கு அலுமினியமே மேல். திங்கட்கிழமை எருமை மாதிரி இயந்திரங்களை ஏற்றுகிறவர்கள் இரும்பைப் போட்டுக் கொண்டு, சிறிய வீடாக வாங்கட்டும். இரண்டும் வேண்டும் என்றால் பெரிய லாரிதான் வாங்க வேண்டும்.

பூட்டும் கால்களும்

வீட்டைத் தளத்தின்மேல் வைத்தால் மட்டும் போதாது, கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பாரம் கட்டுவதற்குக் கணக்கு இருக்கிறது. முன்னால் சரியாமல் இருக்கப் பாரத்தின் எடையில் நூற்றுக்கு 80 பங்கு விசையைத் தாங்க வேண்டும். பின்னாலும் பக்கவாட்டிலும் 50 பங்கு. மேலே எழும்பாமல் இருக்க 20 பங்கு. சாமானோடு 800 கிலோ உள்ள வீடு என்றால், திடீர் பிரேக் போடும்போது 640 கிலோ முன்னால் தள்ளுவதைப் பூட்டுகள் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வீட்டுக்கு முன்னால் இருப்பது என்ன? ஓட்டுகிறவரின் தலையும், பக்கத்தில் இருக்கும் மனைவியின் தலையும்! ஆகவே பூட்டு மாட்டும் வளையங்களைத் தளத்தின் ஓரத் தகட்டில் ஒட்ட வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தோடு அவை சேர்ந்திருக்க வேண்டும்.

வழியோ சாதாரண வழி அல்ல. கிம்பர்லி வட்டாரத்தில் கிப் நதிச் சாலை என்று ஒன்று உண்டு. சுமார் 660 கிலோமீட்டர். பெரும் பகுதி மண்ணும் சரளையும். அலை அலையாக வரிவிழுந்த சாலை. மணிக்கணக்கில் வண்டி தடதடவென்று அதிரும். காலையில் இறுக்கிய திருகு சாயங்காலத்துக்குள் கழன்று தொங்கும். நிற்கும் இடமெல்லாம் இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே முதுகு ஒடிந்து நின்றால், பக்கத்துப் பட்டறை என்பதே பல மணி நேரப் பயணம். வெயிலில் உதவிக்குக் காத்திருக்கும்போது தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான் உயிர். எடை குறைக்கிறேன் என்று அதைக் குறைத்துவிடக் கூடாது. குறைப்பதானால் அலமாரியைக் குறைக்கலாம். வெளியே விரிக்கும் பந்தலைக் குறைக்கலாம்.

கழற்றி மாட்டுவது சுலபமாக இருக்கிறதா என்பதும் தளத்தைப் பொறுத்ததே. கால்கள் தளத்தின் அகலத்தைவிட வெளியே தள்ளி நிற்க வேண்டும். தளத்தின் பக்கப் பலகைகள் தனியே கழல வேண்டும். வீடு வழி தவறாமல் உட்காரத் தளத்தின் ஓரங்களில் சரிவான வழிகாட்டிக் கட்டைகள் வேண்டும். மின்சாரக் கம்பி ஒரே செருகியில் இணைய வேண்டும். இவை இல்லாவிட்டால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, "இடப்பக்கம் என்றேன், வலப்பக்கம் போகிறீர்களே!" என்று மனைவி கத்த, புருஷன் எட்டிப் பார்க்க, அரை மணி நேரத்து வேலை அரை நாள் ஆகும். இரண்டு முறை அப்படி நடந்தால், மூன்றாம் முறை வீட்டைக் கழற்றவே மாட்டார்கள். பிறகு அந்த வண்டி வருஷம் முழுவதும் வீட்டைச் சுமந்து கொண்டே கடைத் தெருவுக்கும் போகும். கழற்றும் வீடு என்று காசு கொடுத்து வாங்கியதெல்லாம் வீண்.

கழற்றுவதால் வருகிற சங்கடம் ஒன்றும் இருக்கிறது. வீடு இருக்கும்போது தாங்குவதற்காகப் பின்பக்கம் தடித்த ஸ்பிரிங் போடுகிறார்கள். என்ஜினீயர் சான்றிதழோடு மொத்த எடை வரம்பையே உயர்த்திக் கொள்கிறவர்களும் உண்டு. அது முறையான வழிதான். ஆனால் திங்கட்கிழமை வெறுந்தளத்தோடு போகும்போது அதே ஸ்பிரிங் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். வாரம் ஐந்து நாள் வேலைக்குப் போகிற வண்டிக்கு, வருஷத்தில் ஐந்து வாரம் ஊர் சுற்றுவதற்காக ஸ்பிரிங் போடுவதா? லேசான வீடு வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

இப்போது மக்கள் செய்கிற முறை என்ன? முதலில் மனசுக்குப் பிடித்த வண்டி. பிறகு பட்டறையில் தயாராக இருக்கும் தளம். கடைசியில் வீடு. இதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். முதலில் வீட்டைத் தேர்ந்து எடுக்க வேண்டும். தண்ணீர், காஸ், மெத்தை, சாமான் எல்லாம் நிறைத்தால் அதன் எடை எவ்வளவு, எடை மையம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தகுந்த தளத்தை வரைய வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துச் சுமக்கக் கூடிய வண்டியைத் தேட வேண்டும்.

புறப்படும் முன்பு இன்னொரு வேலை. குடும்பம் முழுவதும் ஏறிக் கொண்டு, நாயையும் ஏற்றிக் கொண்டு, பொது எடை மேடைக்கு ஓட்டிப் போக வேண்டும். முன் அச்சைத் தனியாக நிறுத்த வேண்டும். பின் அச்சைத் தனியாக நிறுத்த வேண்டும். முழு வண்டியையும் நிறுத்த வேண்டும். மூன்று சீட்டுகள் கிடைக்கும். வழியில் போலீஸார் மறித்து எடை போட்டால் காட்டுவதற்கு அவை உதவாது. அவர்கள் தங்கள் தராசைத்தான் நம்புவார்கள். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் வரும்போதும் வரம்பைத் தாண்டிய வண்டி என்றால் கையை விரிக்கலாம். அந்தச் சீட்டுகள் ஓட்டுகிறவருக்காக. அதைப் பார்த்துவிட்டு, எந்தப் பெட்டியை இறக்கி வைப்பது என்று வாசலிலேயே நின்று புருஷனும் மனைவியும் சண்டை போட்டுக் கொள்ளலாம்.